பதினேழாம் மைக்கில் ரிப்பேர் இல்லை

நகர மன்ற மண்டபத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று மைக்குகள். உறுப்பினர்களுக்கு நாற்பத்திரண்டு, தலைவருக்கு ஒன்று. அத்தனையையும் திறப்பதும் மூடுவதும் ஒரே ஒரு பெண்மணியின் வேலை. மண்டபத்தின் பின்சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. பதினாலு படி ஏற வேண்டும். அங்கே பட்டன் பலகைக்கு முன்னால், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மைக்கம்மா என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் இருந்தார். கல்யாணம், கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஒரே வாரத்தில் இரண்டு கட்சி மேடைகளுக்கும் அதே பெட்டிகள் போனதுண்டு. "இவங்க அவங்களைத் திட்டினாலும், அவங்க இவங்களைத் திட்டினாலும் பெட்டி ஒரே மாதிரிதான் அதிரும்" என்பார்.

கூட்ட நாளில் காலை ஏழு மணிக்கே வந்து ஒவ்வொரு இருக்கையாகப் போய் மைக்கைச் சோதிப்பார். எல்லோரும் செய்வதுபோல ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்வது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. அதனால் வீட்டில் நடந்ததை மைக்குக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டே போவார். முதல் மைக்கில் கணவரின் செருப்பு அறுந்தால், பத்தாவது மைக்கில் அவர் அதற்கு ஆணி அடிப்பார், முப்பதாவது மைக்கில் ஆணி காலில் குத்தும். கூட்டிப் பெருக்க வரும் ஆள் துடைப்பத்தை வைத்துவிட்டு, "அப்புறம் என்னாச்சும்மா?" என்று கேட்பார். நாற்பத்திரண்டாவது மைக் முடிவதற்குள் அவருக்கு அந்த வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

பத்தொன்பது வருஷத்தில் கூட்டம் நடக்கும்போது ஒரு மைக்கும் தானாக நின்றதில்லை. இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது கிடையாது. வேறு யாராவது சொன்னால் மறுத்ததும் கிடையாது.

அந்த வருஷம் புதுத் தலைவர் ஒருவர் தேர்தலில் ஜெயித்து வந்தார். தொழிலில் பல் டாக்டர். சுவரெல்லாம் அவர் ஒட்டியிருந்த வாசகம் ஒன்றுதான்: 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இனி இல்லை. ஊர்ப் பக்கம் மட்டும்தான்.' பதவியேற்ற அன்றைக்கும் அதையே சொன்னார். எதிர்த்தரப்பையும் கலந்துகொண்டுதான் எந்த முடிவும் எடுக்கப்படும், குழுக்களில் பாதி இடம் அவர்களுக்கு என்றார். இரண்டு தரப்பும் கை தட்டியது. மைக்கம்மாவும் மேலே தனியாகத் தட்டினார். 'வாயைத் திறங்கன்னு சொல்லியே பழகினவரு, நல்லவராத்தான் இருப்பாரு' என்று நினைத்துக்கொண்டார்.

தலைவர் முதல் வேலையாக இருக்கைகளை மாற்றினார். முன்பு இடப்பக்கம் ஒரு தரப்பு, வலப்பக்கம் இன்னொரு தரப்பு. இப்போது இவர் ஒருவர், அவர் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார். மைக்கம்மா நாற்பத்திரண்டு ஒயர்களுக்கும் புதிதாகச் சீட்டு எழுதி ஒட்டினார். இரண்டு நாள் முதுகை நிமிர்த்த முடியவில்லை. ஆனாலும் அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார்கள். குடிநீர்க் குழாய் மாற்றும் தீர்மானம் ஒரு சண்டையும் இல்லாமல் நிறைவேறியது.

தொல்லை போன் வழியாக வந்தது.

கண்ணாடி அறையில் ஒரு போன் உண்டு. தலைவரின் மேஜையிலிருந்து நேராக வரும் இணைப்பு. தலைவரின் மைக்கே நின்றுபோனால் தகவல் சொல்வதற்காக வைத்தது. அந்த மைக் நின்றதே இல்லை, போன் மணியடிப்பதும் எப்போதோ ஒருமுறைதான் என்பதால் அதன் மேல் மைக்கம்மா தன் கைப்பையை மாட்டியிருந்தார். புதுத் தலைவர் வந்த ஆறாவது வாரம் அது மணியடித்தது. பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் காதில் வைத்தார்.

"பதினேழு" என்றார் தலைவர். அவ்வளவுதான்.

பதினேழாம் இருக்கையில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த பெண் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் புது அங்காடிக்கு மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டு, அந்த முடிவை எந்தக் குழு, என்றைக்கு எடுத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கம்மா பட்டனை அமுக்கினார். பதினேழாம் மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது.

தலைவர் தன் மைக்கில், "பதினேழாம் மைக்ல ஏதோ ரிப்பேர் போலிருக்கு. பரவாயில்ல, அடுத்தவர் பேசட்டும்" என்றார்.

மைக்கம்மாவுக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்ததும் மன்றச் செயலாளரிடம் போனார். "மைக்கை மூடச் சொல்றதுன்னா சபையில எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லணும் இல்லீங்களா?"

"விதியில தலைவர் உத்தரவுப்படின்னுதான் இருக்கு. போன்ல சொன்னாலும் உத்தரவுதான்" என்றார் செயலாளர். "நீங்க ஏன் பெரிசுபடுத்தறீங்க? நேரம் மிச்சம்."

கண்ணாடி அறையில் ஒரு பதிவேடு இருந்தது. பேச்சின் நடுவில் ஒரு மைக் மூடப்பட்டால் தேதி, மணி, மைக் எண், காரணம் நான்கையும் அதில் எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை செயலாளர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். மைக்கம்மா அன்றைக்குக் காரணம் என்ற இடத்தில், 'தலைவர் போனில் சொன்னார். மைக்கில் ரிப்பேர் இல்லை' என்று எழுதினார்.

அதன் பிறகு கைப்பையைப் போனின் மேல் மாட்டவே முடியவில்லை. மாதத்துக்கு மூன்று முறை, நான்கு முறை மணியடித்தது. பதினேழு. சில நாள் இருபத்தொன்பது. சில நாள் ஏழு. எல்லாம் எதிர்த்தரப்பு எண்கள். ஒவ்வொரு முறையும் தலைவர் சபையில் சிரித்துக்கொண்டே ரிப்பேர் என்றார். ஒருமுறை, "நம்ம மைக்கம்மாவுக்கும் வயசாகுதில்ல" என்று சேர்த்துக்கொண்டார். சபை சிரித்தது. ஹெட்ஃபோனில் அந்தச் சிரிப்பு நாற்பத்திரண்டு மைக் வழியாகவும் அவர் காதுக்குள் வந்தது.

வேறொன்றும் அந்தக் காதில் விழுந்தது. கூட்டத்தைத் தொடங்கும்போது தலைவர் "நாம எல்லாரும் சேர்ந்து" என்பார். டிரைவிங் ஸ்கூல் அம்மா எழுந்து, எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், "அதை நாங்க போன வாரமே முடிவு பண்ணிட்டோம்" என்பார். குழுக்களில் எதிர்த்தரப்புக்குப் பாதி இடம் கொடுத்தது உண்மைதான். குழு கூடுவதற்கு முன்பே முடிவு தயாராக இருந்ததும் உண்மைதான்.

வீட்டில் மைக்கம்மாவுடன் அவர் கணவரும் நாத்தனாரும் இருந்தார்கள். கணவருக்கு பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. நாத்தனார் வீட்டிலேயே தையல் தைத்தார். தைக்கும்போது உள்ளூர் வானொலியில் மன்றக் கூட்டத்தை நேரடியாகக் கேட்பது வழக்கம். அவருக்குப் பல் டாக்டரின் மேல் அப்படியொரு மரியாதை. இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்தவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி ஓயாதவர்.

"என்ன அண்ணி, இன்னிக்கும் பதினேழு ஊமையாயிடுச்சே. நல்ல ஒயரா வாங்கிப் போடச் சொல்லக் கூடாதா? பாவம், அந்த மனுஷன் எவ்ளோ பொறுமையா சமாளிக்கிறாரு."

ஆறு மாதம் மைக்கம்மா இதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மறுபடியும் ஒயரைப் பற்றி ஆரம்பித்தபோது பொறுக்க முடியாமல் போயிற்று.

"ஒயருக்கு ஒண்ணும் இல்ல. அவர் போன் பண்ணி மூடச் சொல்றாரு. மூடினப்புறம் ரிப்பேர்ங்கறாரு."

நாத்தனாரின் கை அப்படியே நின்றது. "அவரா?"

"அவரேதான்."

"எத்தனை தடவை?"

"இருபத்தாறு."

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு, "அவர் சொன்னாரு. சரி. அமுக்கினது யாரு அண்ணி?" என்றார்.

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே அது மைக்கம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதிவேட்டில் உண்மையை எழுதிவிட்டதால் தன் கை சுத்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். யாரும் திறந்து பார்க்காத புத்தகத்தில் எழுதிய உண்மை அது. "நான்தான்" என்றார். எழுந்து போய்த் துவைத்த துணியெல்லாம் மடித்து வைத்தார். ஏற்கெனவே மடித்திருந்தவற்றையும் பிரித்து மடித்தார். மடித்து முடித்தபோது இருபத்தேழாவது முறை அமுக்குவதில்லை என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரக் கூட்டத்தில் போன் மணியடித்தது.

"பதினேழு."

"சபையில சொல்லுங்கய்யா, மூடிடறேன்" என்றார் மைக்கம்மா.

கண்ணாடி வழியாகத் தலைவர் தலையைத் தூக்கி மேலே பார்ப்பது தெரிந்தது. போனை வைத்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் அம்மா அன்றைக்கு முழுசாகப் பேசினார். மைக் நின்றுவிடும் என்று எதிர்பார்த்துத் தொண்டை வறளக் கத்திப் பேசினார். அது நிற்காமல் போகவே நடுவில் கொஞ்சம் தடுமாறினார். கடைசியில் அவரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஏழு மாதமாகத் தன் மைக் இருபது தடவை நின்றிருக்கிறது, இதை இயக்குகிறவருக்குத் திறமை போதாது, விசாரிக்க வேண்டும் என்றார்.

தலைவர் உடனே எழுந்தார். "நல்ல யோசனை. ரெண்டு தரப்பிலிருந்தும் மூணு மூணு பேர் இருக்கற கூட்டுக் குழு போடலாம். இதுதான் நான் சொன்ன ஊர்ப் பக்கம்" என்றார்.

நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. அந்தத் தலைவரின் காலத்தில் ஒரு கைகூடக் குறையாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். அதைப் பார்த்தபடி மேலே உட்கார்ந்திருந்தார் மைக்கம்மா.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப உங்க மன்றத்துல ஒத்துமை வந்துடுச்சுன்னு சொல்லு" என்றார். மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசாரணை நாளன்று அவர் ஹெட்ஃபோனையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனார். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தலைவரின் தரப்பு. டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் குழுவில் இருந்தார். செயலாளர் ஓரமாகக் குறிப்பெடுத்தார்.

"பயப்படாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. மெஷின் பழசுன்னு எழுதிடலாம்" என்று ஆரம்பித்தார் தபால்காரர்.

"பயமெல்லாம் இல்லீங்க. மெஷினும் பழசில்ல. வாங்க, காட்டறேன்."

ஆறு பேரையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பத்து மூன்று மைக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து அவர்களையே பேச வைத்தார். பதினேழாம் மைக்கில் டிரைவிங் ஸ்கூல் அம்மாவை ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார். அவருக்கு அது கஷ்டமாக இல்லை. எல்லாம் கணீரென்று கேட்டது.

"அப்ப ஏன் நின்னுச்சு?" என்றார் அவர்.

மைக்கம்மா பதிவேட்டைத் திறந்து படித்தார். தேதி, மணி, எண், காரணம். தேதி, மணி, எண், காரணம். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. இருபத்தாறு வரிகளும் ஒரே மாதிரி முடிந்தன. ஐந்தாவது வரியிலேயே செயலாளரின் பேனா நின்றுவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் முகம் பளிச்சென்று ஆனது. "கேட்டீங்களா? ஊர்ப் பக்கமாம், ஊர்ப் பக்கம்."

"இன்னும் முடியலீங்க" என்றார் மைக்கம்மா. பழைய பக்கங்களுக்குப் போனார். "இதுக்கு முன்னாடி இருந்தவர், உங்க தரப்புத் தலைவர், அஞ்சு வருஷத்துல நாலு தடவை போன் பண்ணிருக்காரு. நாலும் இப்ப இருக்கற தலைவரோட தரப்பு மைக். அவர் ரிப்பேர்னு சொல்லல. பேச்சை முடிச்சுட்டார்னு சொன்னாரு."

டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் முகம் வந்த வழியே திரும்பிப் போனது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"முப்பது தடவையும் அமுக்கினது நான்தான்" என்று தொடர்ந்தார் மைக்கம்மா. "அதுக்கு என்ன நடவடிக்கைன்னாலும் எடுங்க. ஆனா ரிப்பேர்னு எழுதாதீங்க. அது பொய்."

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க. எல்லாரும் ரிப்பேர்னு சொன்னீங்க. ஏன் ரிப்பேர்னு கேக்கல. நானா வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

குழு ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. வெளியே பெஞ்சில் மைக்கம்மா ஹெட்ஃபோனின் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அறிக்கை மட்டும் வந்தது. மைக்குகளில் கோளாறு இல்லை. கண்ணாடி அறைப் போன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எந்த மைக்கையும் மூடுவதற்குத் தலைவர் சபைக்குக் கேட்கும்படி ஆணையிட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். யார் போன் செய்தார்கள், எத்தனை முறை என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. இரண்டு தரப்புக்கும் அதை விட்டுவிடுவதுதான் சௌகரியமாக இருந்தது. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அறிக்கை வந்த மறுநாள் மத்தியானம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. எந்தத் தலைவரும் அதுவரை அந்தப் படிகளில் ஏறியதில்லை. பல் டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு கதவருகே நின்றார். மைக்கம்மா எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவர் உட்காரவில்லை. கண்ணாடி வழியாகக் காலி மண்டபத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் சும்மா ஓட்டுக்காகச் சொல்லலம்மா. நிஜமாவே சண்டை இல்லாத சபையா நடத்தணும்னுதான் நினைச்சேன்."

"நினைச்சீங்கன்னு தெரியுங்கய்யா. சீட்டை மாத்திப் போட்டீங்களே, அது நல்ல காரியம். நான் இங்கேர்ந்து பாத்திருக்கேன்."

"அந்தம்மா எழுந்தாலே சபை ரெண்டாப் பிரிஞ்சிடுது. அதான்..."

"அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லியிருந்தா உக்காந்திருப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு மைக்கம்மா சொன்னார்: "சத்தமே வரலைன்னா எங்க தொழில்ல அதை ஒத்துமைன்னு சொல்ல மாட்டோம். அதுக்குத்தான் ரிப்பேர்னு பேரு."

தலைவர் அவரை நேராகப் பார்த்தார். கோபப்படுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. "வயசாகுதுன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, "அந்த நாலு, அதுவும் நிஜந்தானே?" என்று கேட்டார்.

"நிஜந்தாங்க" என்றார் மைக்கம்மா. அதைக் கேட்டு அவருக்கு ஏதோ ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். மீதிப் படிகளை வேகமாக இறங்கினார்.

அடுத்த கூட்டத்தில் பஸ் நிறுத்தம் விவாதத்துக்கு வந்தது. அன்றைக்கு நாத்தனார் வானொலியை நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டார். தையல் பையிலிருந்த கத்தரிக்கோலை வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொண்டதில் ஐந்து நிமிஷம் தகராறு. பிறகு பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

நாற்பது நிமிஷம் சண்டை. டிரைவிங் ஸ்கூல் அம்மா பதினொரு நிமிஷம் பேசினார். நோயாளிகள் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைத் தானே நடந்து அளந்து வந்திருந்தார். தலைவரின் முகம் சிவந்தது. ஒருமுறை அவர் கை போன் இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் தண்ணீர் டம்ளரை எடுத்தது. பிறகு தன் மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி, "பதினேழு, உங்க நேரம் பத்து நிமிஷம். பதினொண்ணாச்சு. மைக்கை மூடச் சொல்றேன்" என்றார். மைக்கம்மா மூடினார். பதிவேட்டில் 'நேரம் முடிந்தது' என்று எழுதினார். டிரைவிங் ஸ்கூல் அம்மா கண்ணாடி அறையைப் பார்த்து முறைத்தார். மைக்கம்மாவுக்கு அதில் வருத்தமில்லை.

வாக்கெடுப்பில் பஸ் நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கட்டும் என்று இருபத்து மூன்று கைகள் உயர்ந்தன. எதிராகப் பத்தொன்பது. தலைவரின் தரப்பிலிருந்தே நாலு பேர் மாறிக் கை தூக்கியிருந்தார்கள். அதில் தபால்காரரும் ஒருவர். தலைவர் தான் தோற்றதைத் தன் மைக்கில் தானே அறிவித்தார். குரலில் நடுக்கம் இல்லை. பிசிறு தட்டாமல் ஹெட்ஃபோனில் வந்தது.

அதன் பிறகும் அவர் ஒன்றும் மகானாகிவிடவில்லை. இன்னும் சில குழுக்களில் முடிவு முந்திய நாளே தயாராக இருந்தது. அதற்காகச் சண்டை நடந்தது. சிலவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார், சிலவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. பதவிக்காலம் முடிவதற்குள் பதினாலு முறை மைக்கை மூடச் சொன்னார். அத்தனையும் சபைக்குக் கேட்கும்படி. அதில் ஐந்து அவர் தரப்பு மைக்குகள்.

பஸ் நிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்த அன்று மைக்கம்மா கீழே இறங்கி வந்தபோது நாத்தனார் வாசலில் கத்தரிக்கோலுடன் காத்திருந்தார். முகம் உர்ரென்று இருந்தது.

"என்ன, உங்க ஆளு தோத்துட்டாருன்னு கோபமா?" என்றார் மைக்கம்மா.

"அதுக்கில்ல அண்ணி. அந்தம்மா இன்னும் நாலு விஷயம் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு நிமிஷம் விட்டிருந்தா என்ன?"

"நேரம் முடிஞ்சுடுச்சே."

"முடிஞ்சா?" என்று நாத்தனார் பஸ் வரும்வரை விடாமல் பேசிக்கொண்டே வந்தார். மைக்கம்மா ஒன்றும் குறுக்கிடவில்லை. பசிதான் கொஞ்சம் அதிகமாக இருந்தது.